மூவரில் ஒருவர்

கெத்திவேக்கு உட்கார வராது. ஒரு கோப்பை டீயை அவள் உட்கார்ந்தபடியே குடித்து முடித்தாள் என்று அந்த ஹெலிகாப்டர் தளத்தில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். மலையடிவாரச் சாலைகளில் ஆம்புலன்ஸ் வண்டியோடு அலைந்த காலத்திலும் அப்படித்தான். ஹெலிகாப்டருக்கு மாறி, வழியிலேயே முதலுதவி செய்து நோயாளிகளைக் கொண்டுவரும் பாராமெடிக்காகப் பறக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். வேலை இருந்தால் அவள் கைகளைப்போல நிதானமான கைகள் கிடையாது. வேலை இல்லாதபோது அவள் பக்கத்தில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே மேகம் இறங்கி ஓடுபாதைமேல் படுத்துக்கொண்டது. கொட்டகைக் கதவைத் திறந்தால் ஹெலிகாப்டரின் மூக்கு தெரிந்தது. அதைத் தாண்டி, காற்றின் திசை காட்டும் காற்றுப்பைக் கம்பம் பாதி தெரிந்தது. மீதியெல்லாம் வெள்ளை. வாரம் முழுக்க மழை வேறு. கெத்திவே மருந்துப் பையைப் பிரித்து அடுக்கினாள். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் மருந்துப் பையைப் பிரித்தாள்.

"அக்கா, அந்தப் பைக்கு வாய் இருந்தா அழுதுடும்," என்றான் லிண்டானி.

அவன் இரண்டாவது பாராமெடிக். அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவன். ஜூலு மொழியில் அவன் பெயருக்கே 'காத்திருங்கள்' என்றுதான் அர்த்தம். நோயாளிகளிடம் பெயரைச் சொல்லியே திட்டு வாங்கியிருக்கிறான். "வலியில உயிர் போகுது, காத்திருங்கறியா?" என்று ஒரு பெரியவர் ஸ்ட்ரெட்சரில் படுத்தபடியே அவன் காதைத் திருகிய கதையைத் தளத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பைலட் ஹென்னி ஜன்னலோரமாக உட்கார்ந்து வறட்டு ரொட்டியைக் காபியில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரர், ஆனால் பண்ணையில் மாடு மேய்க்கும் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தவர். அவர் பேசுகிற ஜூலுவில் கெத்திவேயின் ஜூலுவைவிடச் சாணி வாடை அதிகம்.

"உக்காரும்மா. தரை தேஞ்சுபோகும்."

"மேகம் தூக்கட்டும், உக்கார்றேன்."

"மேகம் தூக்கினா பறக்கப் போயிடுவே. அப்புறம் எங்க உக்கார்றது?"

அப்போதுதான் போன்கள் அடித்தன. இரண்டு போன்கள். எப்போதும் அப்படித்தான். கண்ட்ரோல் ரூமிலிருந்து பைலட்டுக்கு ஓர் அழைப்பு வரும்: எந்த இடம், போக முடியுமா. அவ்வளவுதான். பாராமெடிக்குக்குத் தனியாக இன்னோர் அழைப்பு: யாருக்கு, என்ன. இந்த இரண்டும் கலக்கவே கூடாது. அங்கே கிடப்பது குழந்தையா, கர்ப்பிணியா என்று தெரிந்துவிட்டால் பைலட்டின் கண் மேகத்தைப் பார்க்காது, மனசு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் சொல்ல மாட்டார்கள். ஹென்னியும் கேட்க மாட்டார். இன்னொரு விதியும் உண்டு. கிளம்புவதற்கு மூன்று பேரும் சரி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒருவர் போதும். அப்படிச் சொன்னவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது.

கெத்திவே போனோடு வெளியே போய் மழைச் சாரலில் நின்று கேட்டாள். க்வாதூலா கிளினிக். டெலிசிலே என்று ஓர் இளம்பெண். தலைப்பிரசவம். விடிகாலையில் குழந்தை பிறந்துவிட்டது, நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கீழே பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சாலை வழியாக எந்த வண்டியும் ஏற முடியாது.

உள்ளே வரும்போது முகத்தில் எதையும் காட்டாமல், கழுவிவைத்த தட்டு மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள்.

ஹென்னி அதற்குள் பள்ளத்தாக்கில் தனக்குத் தெரிந்த இரண்டு பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். "க்வாதூலா மேட்டுல இருக்கு. மேகத்துக்குள்ளயே இருக்கு. அங்க என்னால இறங்க முடியாது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டுப் பாக்கறேன்."

"சரி, கேப்டன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. யாரோ அவள் கையில் டீக் கோப்பையைத் திணித்தார்கள். அதை ஏந்திக்கொண்டு கொட்டகையின் நீளத்தை அளந்தாள். அடுத்த நிமிஷம் அவளுடைய சொந்த போன் அடித்தது.

"கெத்தி! எங்கடி இருக்கே? காத்தாடி சத்தத்தையே காணோம்?"

க்வாதூலா கிளினிக்கின் நர்ஸ் மாஸோண்டி. இளம் வயதில் நகரத்தில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் படித்தவர்கள். இவள் ஆம்புலன்ஸ் வேலைக்கு, அவள் நர்ஸ் வேலைக்கு. நல்ல செருப்பு ஒரு ஜோடிதான் இருந்தது. யாருக்குப் பரீட்சையோ அவர்கள் காலில் அது இருக்கும்.

"இன்னும் கிளம்பல, மாஸோண்டி. மேகம்."

"மேகமா? நான் என்ன வெயில்லயா காயறேன்? நானும் மேகத்துக்குள்ளதான் நிக்கறேன்! இங்க கூட்டற அம்மா போனை என் காதுல பிடிச்சிட்டிருக்கா. எனக்குக் கையில்ல. ஒரு கை அவளுக்கு உள்ள, ஒரு கை வயித்து மேல. கர்ப்பப்பையை நடுவுல வெச்சு அமுக்கிப் பிடிச்சாத்தான் நிக்குது. கொஞ்சம் தளர்த்தினா குழாயைத் திறந்த மாதிரி கொட்டுது."

"ஊசி?"

"இருக்கறதெல்லாம் போட்டாச்சு. மாத்திரையும் வெச்சாச்சு. ட்ரிப் ஓடுது. பாடம் எடுக்காதே, எப்ப வர்றேன்னு சொல்லு."

"தெரியல."

"தெரியலையா? என்ன பண்ணிட்டிருக்கே அங்க? டீ குடிக்கறியா?"

கெத்திவே கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். "ஆமா."

"குடி தாயே. நல்லா குடி. சர்க்கரை போட்டுக் குடி."

இணைப்பு அறுந்தது. கெத்திவே டீயை மழையில் கொட்டினாள். உள்ளே போய்ச் சின்னக் குளிர்பெட்டியைத் திறந்து, அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டு ரத்தப் பைகளையும் தொட்டுப் பார்த்தாள். மூடினாள். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். திரும்பி நடந்தாள். மறுபடியும் வந்து நின்றாள். க்வாதூலா மேட்டிலிருந்து ஒரு மண்பாதை வளைந்து வளைந்து இறங்கி, கீழே ஆற்றை மறித்துக் கட்டிய அணையில் போய் முட்டியது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"கேப்டன், ஒரு இடம் கேக்கறேன். ஆளைப் பத்தி இல்ல."

"இடம்னா தாராளமா கேளு."

"க்வாதூலாவுக்குக் கீழ இருக்கற அணை. கட்டுமேல அகலமா ரோடு இருக்கு. அங்க இறங்கலாமா?"

ஹென்னி எழுந்து வந்தார். தாடையைச் சொறிந்தார். "இறங்கலாம். ஆனா போய்ச் சேரணுமே. ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே, மேகத்துக்கு அடியில, பள்ளத்தாக்குக்குள்ள தவழ்ந்து போகணும். எங்கயாவது மேகம் தண்ணியத் தொட்டுட்டா திரும்பிடணும்." வெளியே வெள்ளையை ஒரு பார்வை பார்த்தார். காற்றுப்பைக் கம்பம் இப்போது முழுசாகத் தெரிந்தது. "போய்ப் பாக்கலாம். பாக்கறதுக்கு மட்டும்தான் சரி சொல்றேன். வர்றோம்னு யாருக்கும் வாக்குக் குடுக்காதே."

"சரி," என்றான் லிண்டானி.

"சரி," என்றாள் கெத்திவே.

மற்ற இரண்டு பேரும் ஹெலிகாப்டரைத் தயார்செய்யும்போது கெத்திவே மாஸோண்டியைப் போனில் கூப்பிட்டாள்.

"அவளைக் கீழ அணைக்குக் கொண்டு வரணும்."

"உனக்கென்ன பைத்தியமா? அந்தப் பாதையில ட்ராக்டர் மட்டும்தான் போகும். நான் கையை எடுக்காம எப்படி?"

"கையை எடுக்காமத்தான்."

மாஸோண்டி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கொண்டு வந்தா நீ வந்துடுவியா?"

"வாக்குக் குடுக்க முடியாது."

"அப்ப நான் சொல்றதைக் கேட்டுக்கோ. இங்க கூரை இருக்கு, கட்டில் இருக்கு. அங்க மழையில, மொட்டை அணைமேல, நீ வரலன்னா..." அவள் முடிக்கவில்லை. "நீ சொல்லுடி. என் இடத்துல நீ இருந்தா கொண்டு போவியா?"

"கொண்டு போவேன்."

"என்னைக் கிளப்பறதுக்காகச் சொல்லல இல்ல?"

"இல்ல."

"ஏய், அவ கொழுந்தன் எங்கே?" என்று மாஸோண்டி யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது. "ட்ராக்டரை எடுக்கச் சொல்லு! தார்ப்பாய் எடு, மெத்தை எடு, ஓடு!" போன் துண்டிக்கப்பட்டது.

*

மேகத்துக்கு அடியில் பறப்பது, தாழ்ந்த கூரையுள்ள வீட்டுக்குள் குனிந்து நடக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் மலைச்சரிவு ஈரத்தில் கறுத்து நெருங்கி வந்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. ஹென்னி மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினார். இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளில் எமன் மின்கம்பியாகத்தான் தொங்குவான். கெத்திவே இடது பக்கமும் லிண்டானி வலது பக்கமும் கண்ணை நட்டு வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"இடது கம்பம் ஒண்ணு. கம்பி ஆத்தைத் தாண்டல."

"வலது சுத்தம்."

போனில் சிக்னல் செத்துப்போயிருந்தது. கெத்திவே அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். ட்ராக்டர் எந்த வளைவில் இறங்கிக்கொண்டிருக்கும்? ஒவ்வொரு குழியிலும் மாஸோண்டியின் மணிக்கட்டு என்ன பாடுபடும்? அவள் கால் தானாக ஆடியது. அதை மற்றக் காலால் மிதித்துக்கொண்டாள்.

ஆறு ஒரு பெரிய பாறையைச் சுற்றி வலப்பக்கம் வளையும் இடம் வந்தது. அங்கே மேகம் தொங்கி, பாறையின் இடுப்புவரை இறங்கியிருந்தது. அடியில் ஓர் இடைவெளி இருந்தது. நுழையலாம் போலவும் இருந்தது, நுழையக் கூடாது போலவும் இருந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஹென்னி ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருந்தார்.

போகலாம், போகலாம் என்று கெத்திவே மனசுக்குள் அடித்துக்கொண்டாள். இந்தப் பாறையைத் தாண்டினால் அணை கைக்கெட்டும் தூரம்.

"வேண்டாம்," என்றான் லிண்டானி.

சின்னக் குரலில்தான் சொன்னான். ஆனால் காதுக்கருவிக்குள் அது தெளிவாக விழுந்தது.

"கேட்டேன்," என்றார் ஹென்னி. மறு பேச்சில்லாமல் ஹெலிகாப்டரைத் திருப்பினார்.

கெத்திவேயின் தொண்டைவரை வந்தது: அங்கே ஒரு பெண் ரத்தமாக வடிந்துகொண்டிருக்கிறாள், நீ யார் வேண்டாம் என்று சொல்ல. வாயைத் திறக்கவும் திறந்தாள். முன்னிருக்கையில் ஹென்னியின் கழுத்து தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"ரொம்பத் தூரம் போக வேண்டாம்," என்றார் ஹென்னி. "கீழ ஒரு சமதளம் பாத்தேன். உக்காந்து பாக்கலாம். மேகம் நகருது."

அவர் இறக்கிய இடம் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசு. பக்கத்தில் கோஸ் தோட்டம். காற்றாடிக் காற்றில் கோஸ் இலைகள் மல்லாந்து விழுந்தன. விசிறி நிற்பதற்குள் ஒரு பெண்மணி மண்வெட்டியோடு பாய்ந்து வந்தாள்.

"எந்த ஊர் மரியாதை இது? கேக்காம கொள்ளாம ஒருத்தி தோட்டத்துல இறங்கறது?"

ஹென்னி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பாத குறையாக நின்றார். "மன்னிச்சுக்கோம்மா. வழியில மேகம். கொஞ்ச நேரம் உன் நிலத்துல ஒதுங்கிக்கறோம்."

வெள்ளைக்காரர் வாயிலிருந்து அந்த ஜூலு வந்ததும் அவள் மண்வெட்டியைக் கீழே இறக்கினாள். "இது எந்த மாட்டுக்கொட்டாய்ல பொறந்தது?" என்று லிண்டானியைக் கேட்டாள்.

கெத்திவே நடக்கத் தொடங்கியிருந்தாள். வேலி வரைக்கும், திரும்பி ஹெலிகாப்டர் வரைக்கும். போனை உயரத் தூக்கிப் பார்த்தாள், சிக்னல் இல்லை. ஹெலிகாப்டர் கதவைத் திறந்து குளிர்பெட்டியைத் தொட்டாள், மூடினாள். வேலி வரைக்கும் போனாள்.

"ஏ பொண்ணே!" என்று அந்தப் பெண்மணி கத்தினாள். "அந்த மிஷின் மிதிச்சதைவிட நீதான் என் கோஸை அதிகமா மிதிக்கறே! ஒரு இடத்துல நில்லேன்!"

கெத்திவே குனிந்து பார்த்தாள். காலடியில் இரண்டு கோஸ்கள் நசுங்கிக் கிடந்தன. "மன்னிச்சுக்கோங்க அக்கா," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பெண்மணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "யாருக்கு என்னாச்சு?"

கெத்திவே ஹென்னி நின்ற பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள். சொல்ல முடியாது. அந்தப் பெண்மணி என்ன புரிந்துகொண்டாளோ, மேலே கேட்கவில்லை. "சரி, நட. மிதிச்சுக்கோ. மழையில எப்படியும் அழுகத்தான் போகுது."

லிண்டானி ஹெலிகாப்டரின் வால் பக்கமாக வந்து நின்றான். "அக்கா, கோவமா?"

"விதிப்படி நான் உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

"நீங்க கேக்கல. நான்தான் கேக்கறேன்."

"என்கிட்டப் பேசாதே, லிண்டானி. இப்பப் பேசாதே."

அவன் போய்விட்டான். அவள் மனசுக்குள் அவனை என்னென்னவோ சொல்லித் திட்டினாள். பயந்தாங்கொள்ளி என்றாள். போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தைக்கு அப்பா இருக்க இன்னொரு வீட்டுப் பெண் சாக வேண்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடியும் நடந்தாள். அவள் பார்க்கப் பார்க்க மேகம் அசையவே இல்லை. பார்க்காமல் திரும்பி நின்றபோதுதான் அசைந்தது.

"பாறையோட தலை தெரியுது," என்றார் ஹென்னி. "மறுபடி போலாம். மூணு பேரும்?"

"சரி," என்றாள் கெத்திவே.

லிண்டானி பாறை இருந்த திசையைப் பார்த்தான். "சரி."

*

வளைவைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு அகலமாக விரிந்து கிடந்தது. மின்கம்பி இல்லை. கம்பம் இல்லை. மேகம்கூட உயரத்தில்தான் இருந்தது. இந்த இடம் அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும். நேராகப் போயிருக்கலாம். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். லிண்டானி, "வலது சுத்தம்," என்று எப்போதும்போலச் சொன்னான். கடைசி எழுத்து தேய்ந்துபோயிற்று.

அணைக்கட்டுமேல் ட்ராக்டர் நின்றது. பின்னால் இழுவைப் பெட்டியில் மெத்தை. நாலைந்து பேர் தார்ப்பாயின் முனைகளைப் பிடித்துக் கூரையாகத் தூக்கியிருந்தார்கள். ஹெலிகாப்டர் காற்றில் அது பறக்கப் பார்த்தது. அவர்கள் தொங்கிக்கொண்டு இழுத்துப் பிடித்தார்கள்.

கெத்திவே இழுவைப் பெட்டியில் ஏறினாள். மாஸோண்டி மெத்தையில் முழங்காலிட்டு, அந்தப் பெண்ணின் மேல் கவிழ்ந்தாற்போல இருந்தாள். முழங்கைவரை ரத்தம். தலை நிமிரவில்லை.

"வந்துட்டியா," என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"வந்துட்டேன்."

டெலிசிலேயின் உதடு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நாடி நூல்போல ஓடியது. அதைத் தொட்ட நொடியில் கெத்திவேக்குள் காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுபோயிற்று. "லிண்டானி, ரத்தம். ரெண்டு பையும். உறையவைக்கிற மருந்து முதல்ல." அவன் ஊசியை முதல் குத்திலேயே நரம்பில் ஏற்றினான். வற்றிப்போன கையில், மழையில், ஆடுகிற பெட்டியில். அவன் கை நடுங்காததைக் கெத்திவே கவனித்தாள்.

"உன் பேரென்ன தம்பி?" என்றாள் மாஸோண்டி.

"லிண்டானி."

"காத்திருந்தது போதும், சீக்கிரம் ஏத்து!"

அவன் முகம் அறை வாங்கியது போலச் சுருங்கியது. ரத்தப் பையைப் பிழிந்தான்.

"இப்ப மாத்தணும்," என்றாள் கெத்திவே, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு. "நான் மூணு எண்ணினதும் நீ எடு, நான் வெக்கறேன்."

"எடுக்க வரல. விரல் மடங்கிப்போச்சு, கெத்தி. வரமாட்டேங்குது."

கெத்திவே அவள் மணிக்கட்டைப் பிடித்து, பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெல்ல அசைத்து, வெளியே எடுத்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் சூடாகப் பாய்ந்தது. உடனே தன் முஷ்டியை வைத்து அழுத்தினாள். நின்றது.

அப்படியே, கையை எடுக்காமல், ஸ்ட்ரெட்சரோடு சேர்ந்து நகர்ந்து ஹெலிகாப்டருக்குள் ஏறினாள். மாஸோண்டிக்கு இடமில்லை. குழந்தையைக் கிளினிக்கிலேயே கூட்டுகிற அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள். கதவு மூடும்போது கெத்திவே பார்த்தாள்: அவள் இழுவைப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மடங்கிய கையை மழையில் நீட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கெத்திவே முழங்காலிலேயே இருந்தாள். தோள் எரிந்தது. "டெலிசிலே, உன் பிள்ளை நல்லா இருக்கு. கேக்குதா? நல்லா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. என்ன சொன்னாளென்று சத்தத்தில் கேட்கவில்லை.

*

அறுவைசிகிச்சை அறைக் கதவு சாத்தியதும் அவர்களுக்கு வேலை முடிந்தது. ஆனால் தளத்தை மேகம் மறுபடியும் மூடிவிட்டதால் திரும்ப முடியவில்லை. கெத்திவே நடைக்கூடத்தின் நீளத்தை அளந்தாள். லிண்டானி சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். களைத்திருந்தார். "உயிர் இருக்கு. பிழைச்சுக்குவா. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு." கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "அந்த நர்ஸ் அமுக்கிப் பிடிக்கலன்னா இதுவும் கிடையாது. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஒருவேளை கர்ப்பப்பையும்... வந்திருக்க முடியாதா?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லிண்டானி தலை நிமிர்ந்தான். அவன் வாய் திறப்பதற்குள் கெத்திவே சொன்னாள். "முடியாது, டாக்டர்."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வெளியே, இறங்குதளத்தின் ஓரத்தில் தூறலில் நின்றபோது லிண்டானி சொன்னான். "வளைவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் முடியாதுன்னு சொன்னீங்க?"

"நீ வேண்டாம்னு சொன்னப்ப அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? கேப்டனுக்குத் தெரியுமா? தெரியாத இடத்துக்குள்ள போக முடியாது. அதைத்தான் சொன்னேன்." முகத்தில் வழிந்த தூறலைத் துடைத்தாள். "ஆனா அந்தக் கோஸ் தோட்டத்துல உன் கழுத்தை நெரிச்சுடலாம்னு இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். மறைச்சு வெச்சா நாளைக்கு உன்கூடப் பறக்க முடியாது."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள்கள் குலுங்கின. அவள் அவன் முதுகில் கையை வைத்தாள்.

"அவளுக்கு இனிமே பிள்ளை கிடையாது, அக்கா."

"ஆமா."

"என் ஒரு வார்த்தையால."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். அதை உன்கிட்டயிருந்து வாங்கிக்க என்னால முடியாது, தம்பி. நாளைக்கும் அப்படி ஒரு வளைவு வந்தா, வேண்டாம்னு தோணினா, சொல்லு. நான் மறுபடியும் திட்டுவேன். நீ சொல்லு."

ஹென்னி எரிபொருள் நிரப்பிவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வேலை முடிஞ்சுது. இப்பக் கேக்கலாம் இல்ல? யாரு?"

கெத்திவே சொன்னாள். தலைப்பிரசவம் என்றாள், நர்ஸின் கையைச் சொன்னாள், ட்ராக்டரைச் சொன்னாள். ஹென்னி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காதுமடல்கள் சிவந்தன.

"தெரிஞ்சிருந்தா, இவன் சொன்னது என் காதுல விழுந்திருக்காது," என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் ஹெலிகாப்டரைச் சுற்றி வரப் போய்விட்டார். சுற்றி வந்தவர், இன்னொரு தடவையும் சுற்றினார்.

*

சாயங்காலம், தளத்துக்குத் திரும்பிய பிறகுதான் மாஸோண்டி போனை எடுத்தாள்.

"பிழைச்சுக்குவா," என்றாள் கெத்திவே.

"அப்பாடா," என்றாள் மாஸோண்டி.

"கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க."

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் முழிக்கல."

"யாரையும் சொல்ல விடாதே. அவ தனியா கிடக்கறப்ப யாரோ ஒரு டாக்டர் வந்து சொல்லிட்டுப் போக வேண்டாம். அக்கரைக்குப் போக ஏதாவது வழி பண்ணி நானே வர்றேன். நான் சொல்றேன்." பிறகு குரல் மாறியது. "கெத்தி, அணைமேல நான் எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியுமா? எல்லாரும் வானத்தைப் பாக்கறாங்க. நான் அவ மூஞ்சியப் பாக்கறேன். உன்னை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன்னு எனக்கே ஞாபகமில்ல. நீ வராமயே போயிருந்தா?"

கெத்திவே யோசித்தாள். "தெரியல, மாஸோண்டி."

"எனக்கும் தெரியல." மாஸோண்டி மூக்கை உறிஞ்சினாள். திடீரென்று சிரித்தாள். "விரல் இன்னும் நிமிரல, தெரியுமா? என் மகதான் சோளப் புட்டைப் பாலில பிசைஞ்சு ஊட்டி விடறா. வாயைத் திற, வாயைத் திறன்னு என்னையே அதட்டறா. இரு, எவனோ கால்ல கோடாலியப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறான். ஏய், அங்கயே உக்காரு, ரத்தத்தை உள்ள கொண்டு வராதே, இப்பத்தான் கழுவினேன்!"

இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள்: டெலிசிலே கண் விழித்துவிட்டாள், பிள்ளைக்கு யார் பால் கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டாள். கெத்திவே அதை மாஸோண்டிக்குச் செய்தியாக அனுப்பினாள். பிறகு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டியிருப்பாள்போல, பிழைகளோடு ஒரு வரி வந்தது.

"நான் புட்டியில குடுக்கறேன், ராட்சசி மாதிரி குடிக்குதுன்னு சொல்லு."